கைநடை

வேலை செய்யாத கணினியிலிருந்து தினமும் பத்திரம் வந்துகொண்டிருந்தது. கோகிலவாணிக்கு மூக்கு வியர்க்க அது ஒன்றே போதும்.

அவள் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று தாராபுரத்திலிருந்து வந்த புகார். ஆவண எழுத்தர் பூபதி, வயது ஐம்பத்து மூன்று, வீட்டிலிருந்தே பத்திரம் தட்டச்சு செய்பவர். கணினியைப் போட்டால் முகப்பு வருவதில்லை, திரை கறுப்பாக நிற்கிறது, ஒன்பது நாளாக இதே கதை என்று அவரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இன்னொன்று ஆவண மையத்தின் காவல் பிரிவு கொடுத்தது. அதே பூபதியின் கணினியில் யாரோ ஓர் அந்நியர் ஒன்பது தடவை நுழையப் பார்த்திருக்கிறார், பூபதியின் பத்திரங்களோ ஒரு நாளும் தவறாமல் மையத்துக்கு வந்து சேர்கின்றன என்றது அது.

இரண்டு தாளும் ஒரே வீட்டைப் பற்றியவை என்று நம்பவே சிரமமாக இருந்தது. ஏழு வருஷமாக மையத்தின் கணினிகளைப் பழுது பார்க்கிறவள் அவள். பழுது பார்ப்பது பாதி, சந்தேகப்படுவது பாதி. கணினி பொய் சொல்லாது, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் சொல்வார் என்பது அவள் கட்சி.

கதவைத் திறந்தது பூபதியின் மனைவி சுகந்தி. பழுது பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் அந்த அம்மாள் முகத்தில் ஒரு நொடி ரத்தமே இல்லை. பிறகு சிரித்தாள்.

“வாங்க அம்மணி. வெயில்ல எதுக்கு இத்தன தூரம் வந்தீங்க? கம்ப்யூட்டர் நல்லாத்தானுங்களே ஓடுது.”

உள்ளேயிருந்து ஆண் குரல் கேட்டது. “எங்க ஓடுது? நாந்தான் வரச் சொன்னேன். உள்ள உடு புள்ள.”

சுகந்தி திரும்பிக் கணவனைப் பார்த்த பார்வையைக் கோகிலவாணி குறித்துக்கொண்டாள். அவர் கூப்பிட்டது இந்த அம்மாளுக்குத் தெரியாது. முதல் முடிச்சு.

பூபதி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பேச்சு கொஞ்சம் இழுத்தது. வலது கையை மடியில் வைத்து இடது கையால் நீவிக்கொண்டிருந்தார். போன ஆடியில் பக்கவாதம் வந்ததாம். எட்டு மாசம் எண்ணெய் தேய்த்து, பந்து அமுக்கி, இப்போதுதான் விரல்கள் சொன்னபடி கேட்கின்றனவாம். எல்லாவற்றையும் சுகந்திதான் சொன்னாள். அவரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

“எட்டு மாசமா வேலை பார்த்தது யாருங்க்கா?” என்று கோகிலவாணி சாதாரணமாகக் கேட்டாள்.

“அவருதானுங்க. ஒத்தக் கையில மெதுவா அடிப்பாரு” என்றாள் சுகந்தி. பூபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கோகிலவாணி வேலையைத் தொடங்கினாள். மையத்தின் கணினிகள் எல்லாம் லினக்ஸில் ஓடுபவை. அதன் மேல் மையம் தானே ஒரு முகப்பைக் கட்டி ‘முற்றம்’ என்று பெயர் வைத்திருந்தது. முற்றம் வராமல் கறுப்பாக நிற்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். கணினியின் வன்தட்டு நிறைந்திருக்கலாம், புதுப்பித்தபோது திரை அட்டைக்கும் முற்றத்துக்கும் ஒத்துப்போகாமல் போயிருக்கலாம். அவள் கறுப்புத் திரைக்குப் பின்னாலிருக்கும் எழுத்துத் திரைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தட்டில் பாதிக்கு மேல் காலி. திரை அட்டை நலம். புதுப்பித்து இரண்டு மாசமாகிறது. பழுது என்று சொல்ல ஒரு துரும்பு கிடைக்கவில்லை.

அடுத்து, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். ‘சோதனை’ என்று புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, பூபதியை அதில் நுழையச் சொன்னாள். முற்றம் பளிச்சென்று திறந்தது.

“இதா வந்துருச்சே!” என்றார் பூபதி.

“மிஷின்ல ஒண்ணும் இல்லீங்ணா. உங்க பேர்ல இருக்கற இடத்துலதான் கோளாறு. இப்ப உங்க பேர்லயே நுழைங்க. வழக்கமா அடிக்கற மாதிரி ரெண்டு வரி அடிங்க.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கை மெதுவாக, ஆனால் நேர்த்தியாக விசைகளைத் தேடிப் போயிற்று. பழைய தட்டச்சுப் பள்ளியில் ஹையர் முடித்த கை என்பது பார்த்தாலே தெரிந்தது. முற்றம் வந்தது. படங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மூன்று நொடி கூட இல்லை, திரை கறுத்துவிட்டது.

“இப்படித்தானுங்க” என்றார் பூபதி. குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. “தெனமும் இவ பால் வாங்கப் போற நேரத்துல ஒருக்கா உக்காந்து பாக்கறனுங்க. தெனமும் மூஞ்சில சாத்துது. இவகிட்டச் சொன்னா மிஷினு பழசுங்கறா.”

“அவர் அவசரப்படறாருங்க அம்மணி. இன்னும் கை சரியாகல” என்றாள் சுகந்தி.

கோகிலவாணி மறுபடி எழுத்துத் திரைக்குப் போனாள். முற்றத்தின் குறிப்பேட்டில் கடைசி வரி: பகல் 11.42. அந்நியர். திரை மூடப்பட்டது.

காவல் பிரிவு தேடச் சொன்ன அந்நியர் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, உங்க அடையாள அட்டையை ஒருக்கா காட்டுங்க.”

“எதுக்குங்க?”

“காட்டுங்க.”

அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டாள். மையத்திலிருக்கும் படத்தோடும் ஒப்பிட்டாள். நெற்றித் தழும்பு வரைக்கும் அச்சு அசல் அதே ஆள். விரல் ரேகை வைக்கச் சொன்னாள், அதுவும் பொருந்தியது. இவர் பூபதிதான். அப்படியானால் எட்டு மாசமாகப் பூபதி என்று உள்ளே போய்வந்தது யார்?

“என்னைய எதுக்குங்க திருடன் மாதிரி பாக்கறீங்க?” என்றார் பூபதி. “அது எப்படி ஆளக் கண்டுபிடிக்குது? கடவுச்சொல்லு கூட இல்லையே.”

“கைநடைன்னு ஒண்ணு இருக்குதுங்ணா. நீங்க எந்த எழுத்துல தயங்குவீங்க, எதை வெரசா அடிப்பீங்க, எங்க தப்புப் பண்ணித் திரும்ப வருவீங்க, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கும். ஒருத்தர் நடக்கறதை வெச்சே இன்னாருன்னு சொல்றமில்ல, அப்படி. நீங்க அடிக்கற ஒவ்வொரு பத்திரத்துலயும் அந்தக் கைநடை முத்திரையா உக்காந்திருக்கும். அது உங்க கைதான்னு நம்பித்தான் பத்திரமே செல்லுபடியாகுது. வேற ஆளுன்னு தெரிஞ்சா திரையை மூடிரும். காரணம் சொல்லாது. திருடனுக்குக் காரணம் சொல்லக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க.”

“எங் கை மாறிப்போச்சுங்க. நோவு வந்த கையில்ல?”

“அதுக்கும் வழி உண்டு. கையில காயம்னு எழுதிக் கொடுத்தா நாப்பத்தஞ்சு நாள் கண்டுக்காம விட்டுட்டு, புதுக் கையை மறுக்கா படிச்சுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் அந்தச் சலுகை. நீங்க ஆடியிலயே எழுதிக் கொடுத்துட்டீங்க.” அவள் சற்று நிறுத்தினாள். “அந்த நாப்பத்தஞ்சு நாள்ல அது யார் கையைப் படிச்சுதுங்கறதுதான் கேள்வி.”

சுகந்தி சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். “வரக்காப்பி போடறனுங்க.”

“இருங்க்கா. இங்கயே இருங்க.”

கோகிலவாணி ஆடி மாசத்து விசைப் பதிவுகளைத் திறந்தாள். இதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பத்திரத்தில் அழகாக எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். அந்த எழுத்து வருவதற்குள் விரல் பட்ட பாடு மட்டும் இங்கே கிடக்கும். மூன்றாவது பக்கத்திலேயே அவள் தேடியது கிடைத்தது. பூபதி பழைய தட்டச்சு வரிசையில் அடிப்பவர். அந்த வரிசையில் ‘கொ’ என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை தூக்கத்தில் கூட அதை மாற்றாது. ஆடி மாசத்துப் பதிவிலோ, ஒவ்வொரு ‘கொ’விலும் முதலில் க விழுந்திருந்தது. உடனே அழிக்கப்பட்டு, கொம்பு, மறுபடி க, கால். ‘பெ’ என்றால் முதலில் ப. ‘தே’ என்றால் முதலில் த. ஒரு நாளைக்கு நானூறு தடவை, ஐந்நூறு தடவை.

வாய் சொல்லுகிற வரிசை. கைபேசியில் தமிழ் அடித்துப் பழகியவர்கள் செய்கிற தப்பு. பூபதிக்கு அந்தத் தப்பைச் செய்யவே தெரியாது.

ஆவணியில் அது இருநூறாகக் குறைந்தது. ஐப்பசியில் முப்பது. தையில் ஒன்று கூட இல்லை. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, பூபதியின் கையாக மாறியிருந்தார். கோகிலவாணிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ மரியாதை. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“சுகந்தியக்கா, இங்க வந்து உக்காருங்க.”

“எனக்கு டைப் அடிக்கவே தெரியாதுங்க அம்மணி.”

“கொடுமுடின்னு ஒரே ஒரு வார்த்தை அடிங்க. போதும்.”

சுகந்தி கணவனைப் பார்த்தாள். அவர் பிடி கொடுக்காத முகத்தோடு எழுந்து இடம் விட்டார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் விசைப்பலகையில் பட்டதும் ஆளே மாறிவிட்டாள். முதுகு நிமிர்ந்தது, தோள் இறங்கியது. கொம்பு, க, கால். அவள் அடித்து முடிப்பதற்குள் முற்றம் முழுசாகத் திறந்து நின்றது.

‘வணக்கம், பூபதி.’



“நாங்க ரெண்டு பேரும் பேசித்தானுங்க செஞ்சோம்” என்றார் பூபதி. “கை வர்ற வரைக்கும் இவ அடிக்கட்டும்னு நாந்தான் சொன்னேன். நா பக்கத்துல உக்காந்து வரிசையச் சொல்லுவேன். வேலை போச்சுன்னா வேற போக்கில்லீங்க. இப்பத்தான் கை வந்துருச்சே, மறுக்கா நானே அடிச்சுக்கறேன். பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க. தப்புத்தான். இனி செய்ய மாட்டோம்.”

“அது அவ்வளவு லேசில்லீங்ணா. உங்க கையை மறுக்கா பதியணும்னா மையத்துக்கு வரணும். அங்க கடைசி ஆறு மாசத்துப் பத்திரத்தை எடுத்து ஒப்பிடுவாங்க. அத்தனையும் வேற கைன்னு தெரியும். வேலை மட்டுமில்ல, போலீஸ் கேஸ் ஆகும். இந்த எட்டு மாசத்துல முந்நூத்திப் பன்னண்டு பத்திரம் போயிருக்குது. பாகம் பிரிச்சவங்க, நிலம் வாங்கினவங்க, அத்தனை பேரு பத்திரமும் செல்லாம போயிரும்.”

பூபதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது.

‘பூபதி, தாங்கள் இல்லாத வேளையில், இன்று 11.42க்கு ஓர் அந்நியர் முயன்றார். இவரை அறிவீர்களா?’

கீழே இரண்டு பொத்தான்கள்: அறிவேன், அறியேன். அதற்கும் கீழே, இதற்கு முன் கேட்டதும் தாங்கள் சொன்னதும் என்று ஒரு பட்டியல்.

சுகந்தி பெட்டியை மூடக் கை நீட்டினாள். பூபதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பத்திரத்தில் நான்கெல்லை வாசித்துச் சரி பார்க்கிற குரலில் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“பங்குனி ரெண்டு, அறியேன். மூணு, அறியேன். நாலு, அறியேன்...”

ஒன்பதையும் படித்தார். ஒன்றைக் கூடத் தாண்டவில்லை.

“தெனமும் கேட்டுதா புள்ள?”

சுகந்தி தலையசைத்தாள்.

“அது நாந்தான்னு தெரியுமா?”

“மொதல் நாளே தெரியும். நீங்க கொம்பு போட்டுட்டு ஒரு மூச்சு நிறுத்துவீங்க. நேரத்தப் போட்டு, எங்கெங்க தயங்குனாங்கன்னும் அது காட்டுமில்ல.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதானுங்க.” அவள் அழவில்லை, பூசி மெழுகவும் இல்லை. “தெரியும்னு ஒருக்கா அமுக்குனா நீங்க உள்ள வந்துருவீங்க. நா வெளிய போயிருவேன். தெனமும் சாயங்காலம் மையத்துலருந்து ஒரு வரி வரும், பிழை இல்லைன்னு. இருவத்தாறு வருசம் உங்க கூட இருந்துருக்கறேன். சோறுல உப்பு கூடன்னு சொல்லியிருக்கீங்க, கொறைன்னு சொல்லியிருக்கீங்க. பிழை இல்லைன்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா? எனக்கு அந்த வரி வேணும். கை வரட்டும்னு நாந்தான் எண்ணெய் தேச்சேன். வந்துருச்சேன்னு நாந்தான் பயந்தேன். ரெண்டும் நெசம்.”

பூபதி பிடித்திருந்த கையை விட்டார். அடிபட்ட மனிதரின் முகம் அது. கட்டிய மனைவி ஒன்பது நாள் தன்னை யாரென்று தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். பக்கவாதம் கூட அவரை இப்படி உட்கார வைக்கவில்லை. கோகிலவாணி அந்த அறையில் இருப்பதற்கே கூசினாள்.

கைபேசி அடித்தது. காவல் பிரிவின் மேற்பார்வையாளர் இம்மானுவேல்.

“என்னம்மா, அந்நியர் யாருன்னு தெரிஞ்சுதா? பன்னண்டு மணிக்குள்ள ஒரு பதில் வரலைன்னா பூபதி கணினிய மொத்தமா பூட்டி ஆளை இங்க கொண்டுவரச் சொல்லிருவேன்.”

“பார்த்துக்கிட்டே இருக்கேன் சார். அஞ்சே நிமிஷம்.”

மணி பதினொன்று ஐம்பத்து நான்கு. அவள் போனை மூடிவிட்டு வேகமாகப் பேசினாள். “அக்கா, அறிவேன்னு அமுக்குங்க. ஒரு எழுத்தர் வீட்டு ஆள் ஒருத்தரை உதவியாளரா சேர்த்துக்கலாம்னு விதி இருக்குது. அவங்க பத்திரம் அடிக்க முடியாது, முத்திரை வைக்க முடியாது. படிச்சுப் பார்த்துப் பிழை திருத்தலாம். அண்ணா கையை அப்படிச் சேர்த்தா அது அந்நியர் இல்லைன்னு ஆயிரும். கேஸ் அதோட முடியும். எனக்கு வேற வழி தெரியலை.”

அப்படிச் சொல்லும்போதே, தான் இதுவரை பிடித்துக் கொடுத்த பொய்யர்களின் முகங்கள் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. இன்று அவளே ஒருத்தி.

சுகந்தி கணவனைப் பார்த்தாள். அவர் தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவள் ‘அறிவேன்’ என்பதை அமுக்கினாள்.

‘இவர் பெயர்?’

அவள் யோசிக்கவில்லை. உள்ளதை அடித்தாள்: பூபதி.

முற்றம் ஒரு கணம் தயங்கியது.

‘பூபதி தாங்கள்தான். இவர் பெயர்?’

சுகந்தியின் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடி அதே பதில். கோகிலவாணி கடிகாரத்தைப் பார்த்தாள், ஐம்பத்து ஏழு. வீட்டில் இருப்பவர் பெயராகத்தான் இருக்க வேண்டும், குடும்ப அட்டையோடு ஒப்பிடும், வேறு பெயரை ஏற்காது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த அட்டையில் இருந்தது இரண்டே பெயர்.

பூபதிக்கு அது முன்பே புரிந்திருந்தது.

“சுகந்தின்னு போடு” என்றார்.

“ஏனுங்க...”

“போடு புள்ள. நேரமாச்சு.”

அவள் அடித்தாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ளாமலே எழுந்து இடம் விட்டாள். பூபதி உட்கார்ந்தார். வலது கையை விசைப்பலகையில் வைத்து, கொம்பு போட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, கொடுமுடி என்று அடித்தார். திரை கறுக்கவில்லை. ஒன்பது நாள் முகத்தில் சாத்திய கதவு அமைதியாகத் திறந்தது.

‘வணக்கம், சுகந்தி. பிழை பார்க்க வேண்டிய பத்திரங்கள்: 3.’

அவர் முதல் பத்திரத்தைத் திறந்து படிக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் பக்கம் வந்ததும், “பிழை இல்ல” என்றார் மெதுவாக. மன்னித்துச் சொன்னாரா, குத்திக் காட்டச் சொன்னாரா என்று கோகிலவாணிக்கு விளங்கவில்லை. சுகந்திக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

கோகிலவாணி இம்மானுவேலைக் கூப்பிட்டாள்.

“அந்நியர் யாருமில்லீங்க சார். பூபதி வீட்டுக்காரம்மாதான். அவர் இல்லாத நேரத்துல தொட்டுப் பார்த்திருக்காங்க. உதவியாளரா சேர்த்தாச்சு.”

“இவ்வளவுதானா? சும்மா இருக்க முடியாதே இந்தப் பொம்பளைங்களுக்கு.” இம்மானுவேல் சிரித்தார். “பக்கத்துல இருக்காங்களா அந்தம்மா? வீட்டுக்காரர் வேலை பார்க்கறப்போ குறுக்க வரக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டு வா.”

“சரிங்க சார்.”

அவள் போனைக் கீழே இறக்கிப் பூபதியிடம் திரும்பினாள்.

“வேலை பார்க்கறப்போ குறுக்க வரக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாருங்க.”

“சரிங்க” என்றார் பூபதி.